லாபி மட்டும் போதுமா? அலுவலகத்துக்கு மூன்று வடிவங்கள்

ஊழியர்கள் விரும்பி வரும்படி அலுவலகத்தை மாற்ற நினைப்பவர்கள் முன் பெரும்பாலும் மூன்று வழிகள்: தடுப்பில்லாத திறந்த கூடம், ஹோட்டல் லாபி பாணி, அவரவர்க்கு ஒரு மூலை தரும் முறை.

திறந்த கூடத்தின் பலம் குறைந்த செலவுதான். சுவரை எடுத்தால் பேச்சு பெருகும் என்பார்கள். ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட ஆய்வு அதற்கு நேர்மாறு: கூடத்துக்கு மாறிய இரு நிறுவனங்களில் நேரில் பேசுவது சுமார் 70 சதவீதம் குறைந்தது, மின்னஞ்சல் கூடியது.

லாபி பாணி உடனே மனதைக் கவரும். வாசலில் எழுந்து வந்து வரவேற்கும் ஒருவர், 4000 கெல்வின் (ஒளியின் நிறத்தைச் சொல்லும் அலகு) வெள்ளை ஒளிக்குப் பதில் 2700–3000 கெல்வின் இளமஞ்சள், கம்பளம், சோபா, நல்ல காபி. நுழைந்ததும் உடம்பு தளர்கிறது. இது அலங்காரம் மட்டுமல்ல, மரியாதையும்கூட. அதனால் எனக்கு இந்தப் பாணி மிகவும் பிடிக்கும். ஆனால் வேலை தொடங்கியதும் குறைகள் தெரிகின்றன. டீப்பாயின் உயரம் சுமார் 45 செ.மீ., எழுதும் மேசை 72–75 செ.மீ.; மடிக்கணினியோடு ஒரு மணி நேரம் குனிந்தால் கழுத்து பிடித்துக்கொள்ளும். வாசிக்கவும் எழுதவும் மேசைமேல் 500 லக்ஸ் வெளிச்சம் வேண்டும் என்கிறது ஐரோப்பியத் தரநிலை. லாபியின் மங்கிய விளக்கு அதற்குப் பற்றாது. பக்கத்து சோபாவில் ஒருவர் தொலைபேசினால், சத்தத்தைவிட, புரிகிற சொற்கள்தான் கவனத்தைக் கலைக்கும். கம்பளம் எதிரொலியைக் குறைக்குமே தவிர அந்தச் சொற்களை மறைக்காது.

சொந்த இடம் இல்லாததும் உறுத்தும். 1990-களில் அமெரிக்காவின் சியாட்/டே விளம்பர நிறுவனம் நிலையான மேசைகளையே ஒழித்துப் பார்த்தது. சில ஆண்டுகளில் அந்த முறையைக் கைவிட்டது.

மூன்றாவதற்கு அழகான முன்மாதிரி, நெதர்லாந்தின் அப்பெல்டோர்ன் நகரில் ஹெர்மன் ஹெர்ட்ஸ்பெர்கர் வடிவமைத்து 1972-இல் முடிந்த சென்ட்ரால் பெஹேர் காப்பீட்டு நிறுவனத்தின் அலுவலகம். சிறு சிறு சதுரத் தளங்கள், வெறும் கான்கிரீட் சுவர்கள், இடையிடையே காபி அருந்தும் இடங்கள். செடியும் படமும் கொண்டுவந்து நிரப்பியவர்கள் ஊழியர்களே. உபசரிப்பில் இதற்குத்தான் என் முதலிடம்: வருபவரை விருந்தாளியாக அல்ல, வீட்டுக்காரராக நடத்துகிறது.

ஹோட்டலைப் பார்த்து அலுவலகம் கட்டுபவர்கள் லாபியை மட்டும் எடுத்துக்கொண்டு, மாடியில் இருக்கும் அறைகளை மறந்துவிடுகிறார்கள். தங்க வருபவர் காசு கொடுப்பது அந்த அறைக்கு, அதன் கதவுக்கு. ஆகவே பணம் குறைவென்றால், கதவு மூடும் சிறு அறைகள், சரியான உயரத்தில் மேசை, அவரவர் கையில் சுவிட்ச் உள்ள மேசைவிளக்கு ஆகியவற்றை முதலில் செய்யுங்கள். சோபாவை அடுத்த ஆண்டு வாங்கலாம்.