பார்டருக்கு அந்தப் பக்கம் செல்லும் என்று விற்கப்படும் பிளாக் பெல்ட்

கேரளா-தமிழ்நாடு பார்டரில், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கம் பிள்ளைகளைக் கராத்தேவுக்கு அனுப்புகிறவர்கள் இதைப் படித்துவிட்டு அப்புறம் அடுத்த பெல்ட் டெஸ்டுக்குப் பணம் கட்டுங்கள். மாஸ்டர் பெயரையும் கிளாஸ் பெயரையும் எழுதப் போவதில்லை, புகார் கொடுக்கிற வேலை நடந்துகொண்டிருக்கிறது. ஆனால் ஆள் பேசும் விதத்தைச் சொன்னாலே பாதிப் பேருக்குப் பிடிபட்டுவிடும்.

கிளாஸ் சமுதாயக் கூடத்தில், சனி ஞாயிறு காலையில். மாதம் 500 ரூபாய். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, பிள்ளைகள் வியர்க்க விறுவிறுக்க ஓடுகிறார்கள், செல்போனைத் தொடாமல் இரண்டு மணி நேரம் போகிறது. ஆனால் அந்த 500-இல் அவருக்குப் பெரிதாக எதுவும் நிற்காது, வருமானமெல்லாம் பெல்ட்டிலும் டோர்னமென்ட்டிலும்தான். மஞ்சளுக்கு 800, பச்சைக்கு 1,200 என்று ஏறிக்கொண்டே போகும். "பாப்பா சூப்பரா பண்றாங்க அக்கா, டபுள் புரமோஷன் கொடுத்துடலாம்" என்று தேனாகப் பேசினால், இரண்டு பெல்ட்டுக்கும் சேர்த்துக் கட்ட வேண்டும் என்று அர்த்தம். ஒழுங்காகச் சொல்லிக்கொடுக்கிற இடங்களில் வெள்ளையிலிருந்து கறுப்புக்கு வர நான்கைந்து வருடமாவது ஆகும். என் மகள் இப்படித் தாவித் தாவி எட்டாம் வகுப்பு முடிவதற்குள் பிளாக் பெல்ட். அதற்கு மட்டும் 18,000.

டோர்னமென்ட் கதை இன்னும் விசேஷம். பொள்ளாச்சிப் பக்கம் ஒரு கல்யாண மண்டபம், வாசலில் ஏழெட்டு நாட்டுக் கொடி போட்ட பேனர், பெயர் 'இன்டர்நேஷனல் ஓப்பன்'. வெளிநாட்டு ஆள் ஒருவரையும் நான் பார்க்கவில்லை. கட்டாவுக்கு (தனியாகச் செய்து காட்டும் அசைவுகள்) தனியாக 1,500, குமித்தேவுக்கு (எதிராளியோடு மோதுவது) தனியாக 1,500, சாப்பாடு நம் செலவு. கராத்தேயில் முறைப்படியே ஒரு தங்கம், ஒரு வெள்ளி, இரண்டு வெண்கலம் உண்டு. அதை இவர்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் தெரியுமா? வயது, எடை, பெல்ட் என்று பிரித்துப் பிரித்து ஒவ்வொரு பிரிவிலும் நாலே நாலு பிள்ளைகளை வைக்கிறார்கள். நாலு பேருக்கும் பதக்கம், வெறுங்கையோடு வீட்டுக்குப் போகிற பிள்ளை கிடையாது, கோபப்படுகிற பெற்றோரும் கிடையாது. என் மகள் தங்கம் வாங்கிய பிரிவில் வந்ததே மூன்று பேர்தான். அந்தப் பதக்கத்தின் பின்பக்க ஸ்டிக்கர் ஓரத்தில் தூக்கிக்கொண்டு நின்றது, உரித்துப் பார்த்தால் அடியில் வேறொரு வருடம், வேறொரு ஊர், வேறொரு 'சாம்பியன்ஷிப்'.

சரி, சர்டிபிகேட்டாவது செல்லுமா என்றால், இங்கேதான் பார்டர் வேலை செய்கிறது. "எங்க அங்கீகாரம் தமிழ்நாட்டுல இருக்குங்க அக்கா, கேரளாவுக்கும் எடுத்துக்குவாங்க" என்று நம்மிடம் சொல்வார். அதே ஆள் பொள்ளாச்சிப் பக்கத்துப் பெற்றோரிடம் "நம்ம அஃபிலியேஷன் கேரளா" என்று சொல்லியிருக்கிறார். இரண்டு பக்கத்துப் பெற்றோர்கள் டீக்கடையில் உட்கார்ந்து பேசிய பிறகுதான் குட்டு வெளிப்பட்டது. எஸ்எஸ்எல்சிக்கு (பத்தாம் வகுப்புத் தேர்வு) கிரேஸ் மார்க், அதாவது கூடுதல் மார்க் என்று இங்கே ஆசை காட்டுகிறார், அங்கே ஸ்போர்ட்ஸ் கோட்டா என்று காட்டுகிறார்.

பள்ளியில் பி.டி. மாஷிடம் (விளையாட்டு ஆசிரியர்) சர்டிபிகேட் ஃபைலைக் கொடுத்தேன். அவர் சர்டிபிகேட்டின் அடியில் இருந்த பொடி எழுத்தைத்தான் முதலில் படித்தார். 'ஐஎஸ்ஓ 9001 சான்று பெற்றது', 'இந்திய அரசில் பதிவு பெற்றது'. ஐஎஸ்ஓ 9001 என்பது ஒரு நிறுவனம் தன் வேலைகளை ஒரு முறைப்படி நடத்துகிறது என்பதற்கான சான்று, பிஸ்கட் கம்பெனியும் வாங்கலாம், விளையாட்டு அங்கீகாரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இந்திய அரசுப் பதிவு என்று போட்டிருந்தது சிறு தொழில்களுக்கான உத்யம் எண், ஆதாரும் பானும் இருந்தால் ஆன்லைனில் இலவசமாகக் கிடைப்பது. "இதை வச்சு ஒரு மார்க்கும் கிடைக்காதுங்க, பள்ளி வழியா ஜில்லா, மாநிலம்னு போகிற போட்டியில ஆடணும்" என்று முடித்துவிட்டார்.

அந்தப் பள்ளிப் போட்டியிலும் என் மகள் ஆடினாள். அதையும் சொல்லத்தான் வேண்டும். போட்டி விரிப்பில் ஏறும்போதே கறுப்பு பெல்ட்டைக் கழற்றச் சொல்லி சிவப்பைக் கொடுத்தார்கள். உலகக் கராத்தே கூட்டமைப்பு விதிப்படி குமித்தேயில் ஒருவருக்குச் சிவப்பு, எதிராளிக்கு நீலம், அவ்வளவுதான், 18,000 ரூபாய் பெல்ட்டுக்கு அங்கே வேலையே இல்லை. மாஸ்டர் 1,400-க்கு விற்ற கறுப்பு கிளவுஸும் ஆகாது என்றார்கள், வேறு பள்ளிப் பிள்ளையிடம் இரவல் வாங்கினோம். குத்துக்கு 1 பாயின்ட், உடம்பில் உதைக்கு 2, தலைக்கு உதைத்தால் 3, எதையும் கட்டுப்பாட்டோடு நிறுத்தத் தெரிய வேண்டும் என்கிற அரிச்சுவடியே அவளுக்குச் சொல்லித்தரப்படவில்லை. ஓங்கி முகத்தில் குத்தினாள், எதிரில் இருந்த பிள்ளைக்கு உதடு கிழிந்தது. எச்சரிக்கை மேல் எச்சரிக்கை, கடைசியில் ஹன்சொகு, தகுதி நீக்கம். என் மகள் அழுததைவிட அந்தப் பிள்ளையின் அம்மா என்னைப் பார்த்த பார்வைதான் இன்னும் உறுத்துகிறது.

மாஸ்டரிடம் கேட்டால், "அது வேற ஸ்டைல் அக்கா, நம்மளது டிரெடிஷனல்" என்கிறார். ஷோட்டோகான், கோஜுரியு, ஷிட்டோரியு, வாடோரியு என்று ஸ்டைல்கள் இருப்பது உண்மைதான், ஆனால் எந்த ஸ்டைலிலும் கட்டுப்பாடில்லாமல் குத்து என்று சொல்லித்தர மாட்டார்கள். ஒலிம்பிக் பேச்சும் வரும், ஏமாறாதீர்கள். டோக்கியோ 2020-இல் (நடந்தது 2021) மட்டும்தான் கராத்தே இருந்தது, பாரிஸில் இல்லை, 2028 லாஸ் ஏஞ்சலஸிலும் இல்லை. ஆசிய விளையாட்டில் 1994-இலிருந்து உண்டு. அங்கே போக வழி தேசிய சங்கம்தான், அந்தச் சங்கத்திலேயே குழப்பம் நடந்தது: 2020-இல் உலகக் கூட்டமைப்பு பழைய கராத்தே அசோசியேஷன் ஆஃப் இந்தியாவை நிறுத்தி வைத்தது, பிறகு கராத்தே இந்தியா ஆர்கனைசேஷன் அந்த இடத்துக்கு வந்தது. இந்தக் குழப்பம் லெட்டர்பேட் அச்சடிக்கிறவர்களுக்கெல்லாம் நல்ல வசதியாகப் போயிற்று. பணம் கட்டுமுன் "இந்தப் போட்டி எந்த மாநிலச் சங்கத்தின் கீழ் நடக்கிறது, எழுத்தில் கொடுங்கள்" என்று கேளுங்கள், அதைப் பள்ளியிலோ மாவட்ட ஸ்போர்ட்ஸ் கவுன்சிலிலோ காட்டுங்கள். எழுத்தில் என்றதும் எங்கள் ஆளுக்குப் போன் சிக்னல் போய்விட்டது.

இப்போது 'உலக சாதனை' என்று ஓடு உடைக்க ஆள் சேர்க்கிறார்களாம், தலைக்கு 2,500. காசு கொடுத்தால் கிடைக்கிற சாதனை.

"அவர் தமிழ்நாடு, நாம கேரளா, எங்கே போய் அலையறது" என்று விடுகிறவர்கள்தான் அதிகம். அலைய வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், நமக்குப் பாலக்காடு மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போட்டாலும் வழி சொல்வார்கள். ரசீது தரவில்லையே என்று பயப்படாதீர்கள், பணமெல்லாம் அவர் மனைவி நம்பருக்கு ஜிபேயில்தான் போயிருக்கிறது, அந்த விவரமும் வாட்ஸ்அப் குரூப்பில் அவர் பேசிய வாய்ஸ் மெசேஜ்களும் போதும். ஒரே பிரச்சினை உள்ளவர்கள் ஆணையத்தின் அனுமதியோடு சேர்ந்தே கொடுக்க முடியும், அதனால் குரூப்பை விட்டு வெளியேறுமுன் எல்லாவற்றையும் சேமித்துக்கொள்ளுங்கள், அவர் ஏற்கெனவே பழைய மெசேஜ்களை அழிக்க ஆரம்பித்துவிட்டார்.