ஐஈஎல்ரிஎஸ் இல்லாத முழுப் புலமைப்பரிசில்: வன்னிப் பிள்ளைக்கு எந்த நாடு எட்டும்?

ஐஈஎல்ரிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்ச்சிப் பரீட்சையைக் கேட்காத புலமைப்பரிசில் என்றால் பரீட்சையே இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்த இடத்தில் வேறொன்று இருக்கும். துருக்கியில் அது ஓராண்டுத் துருக்கி மொழிப் படிப்பு. கொரியாவில் டொபிக் என்ற கொரிய மொழிப் பரீட்சையில் மூன்றாம் நிலை. ஜப்பானில் கொழும்புத் தூதரகம் நடத்தும் எழுத்துப் பரீட்சை. இந்தியாவில் உயர்தரப் பெறுபேறும் விண்ணப்பத்தோடு எழுதும் ஆங்கிலக் கட்டுரையும். கிளிநொச்சியிலோ மல்லாவியிலோ தமிழ்மொழி மூலம் படித்த பிள்ளைக்கு இவற்றில் எந்தத் தடை தாண்டக்கூடியது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

"ஐஈஎல்ரிஎஸ் தேவையில்லை, ஆங்கிலத்தில் படித்ததாகக் கடிதம் தந்தால் போதும்" என்று சொல்லும் பல்கலைக்கழகங்கள் நிறைய உண்டு. உயர்தரத்தைத் தமிழில் எழுதியவருக்கு அந்தக் கடிதத்தை எந்த அதிபரும் உண்மையாகத் தர முடியாது. பொய்யாக வாங்கினால் பெறுபேற்றுச் சான்றிதழிலுள்ள மொழிமூலமே காட்டிக்கொடுத்துவிடும். பட்டதாரிகளின் நிலை வேறு. அறிவியல் நகரில் இயங்கும் யாழ். பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய, தொழில்நுட்ப பீடங்களில் படித்தவர்களும், வவுனியாப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலமூலம் படித்தவர்களும் பதிவாளரிடம் அந்தக் கடிதத்தை நேர்மையாகவே பெறலாம். முதுகலைக்குப் போகிறவர்களுக்கு அது பெரிய சாவி. பள்ளிக்கூடத்திலிருந்து நேரே போகிறவர்களுக்கு, மொழியைத் தாங்களே கற்பிக்கும் நாடுகள்தான் நியாயமான வாசல் என்பது எங்கள் முடிவு. அங்கே கொழும்புச் சர்வதேசப் பாடசாலைப் பிள்ளையும் புதுக்குடியிருப்புப் பிள்ளையும் ஒரே நாளில், ஒரே எழுத்திலிருந்து தொடங்குகிறார்கள்.

துருக்கியா, கொரியாவா?

இரண்டும் கல்விக்கட்டணம், மாதாந்தக் கொடுப்பனவு, மருத்துவக் காப்புறுதி, போய்வர விமானச்சீட்டு, ஓராண்டு மொழிப் படிப்பு எல்லாவற்றையும் தருகின்றன. துருக்கி விடுதியையும் சேர்த்துத் தருகிறது. வித்தியாசம் வயதிலும் புள்ளியிலும் இருக்கிறது.

துருக்கி அரசின் புலமைப்பரிசிலுக்கு இளமாணி விண்ணப்பதாரி 21 வயதுக்குக் கீழ்ப்பட்டவராக இருக்க வேண்டும். உயர்தரத்தை மூன்றாம் தடவை எழுதிவிட்டு யோசிப்பவர்களுக்குப் பெரும்பாலும் கதவு மூடியிருக்கும். கொரிய அரசின் புலமைப்பரிசிலான ஜிகேஎஸ் 25 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு இடம் கொடுக்கிறது.

புள்ளிக் கணக்கில் துருக்கி இலகு. பொதுவான துறைகளுக்கு 70 வீதம், மருத்துவத்துக்கு 90 வீதம் கேட்கிறார்கள். எங்கள் உயர்தரப் பெறுபேற்றில் புள்ளி இருக்காது, தரம் மட்டுமே இருக்கும். ஏ என்பது 75 இலிருந்து, பி 65 இலிருந்து, சீ 55 இலிருந்து. அடிப்புள்ளியை வைத்துக் கணக்குப் பார்த்தால் இரண்டு ஏ, ஒரு பி எடுத்தவர் 71 ஐத் தாண்டி நிற்பார். ஒரு ஏ, இரண்டு பி எடுத்தவர் 68 இல் நிற்பார். அவர்கள் தங்கள் அளவுகோலில் மாற்றிக்கொள்வார்கள் என்றாலும், கையில் வைத்திருக்கப் பாதுகாப்பான கணக்கு இதுதான். இது விண்ணப்பிக்கும் தகுதி மட்டுமே. தெரிவாகிறவர்களின் புள்ளி இதைவிட மேலே இருக்கும்.

கொரியா 80 வீதம் கேட்கிறது. அல்லது வகுப்பில் முதல் 20 வீதத்துக்குள் இருக்க வேண்டும். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். மூன்று ஏ எடுத்த பிள்ளையின் சான்றிதழ்கூட 80 ஐ நிரூபிக்காது, ஏனென்றால் ஏ 75 இலேயே தொடங்கிவிடுகிறது. ஆகவே தரம் 12, 13 தவணைப் புள்ளிகளும் வகுப்பு நிலையும் அடங்கிய ஆங்கிலக் கடிதம் ஒன்று பாடசாலையிலிருந்து வேண்டும். வன்னியில் பல பாடசாலைகளின் கணிதப் பிரிவு சிறியது. எட்டுப் பேர் உள்ள வகுப்பில் இரண்டாம் பிள்ளை 25 வீதத்தில் நிற்பார், தகுதி போய்விடும். அப்படியானவர்கள் வகுப்பு நிலையை நம்பாமல் தவணைப் புள்ளியின் சராசரியைக் காட்ட வேண்டும். அந்தப் புள்ளிப் பதிவேட்டைப் பாடசாலையில் இருக்கும்போதே பிரதி எடுத்து வையுங்கள். வகுப்பாசிரியர் இடமாற்றம் பெற்றுப் போனபின் தேடுவது பெரும்பாடு.

மொழித் தடையில் துருக்கி கடுமை. ஓராண்டு முடிவில் சீ1 என்ற உயர்நிலை வேண்டும். கொரியா கேட்பது டொபிக் மூன்றாம் நிலை, அதாவது நடுத்தரம். இரண்டிலும் எட்டாவிட்டால் புலமைப்பரிசிலே கைநழுவும். ஆறுதலான ஒன்று உண்டு: இரண்டு மொழிகளிலும் தமிழைப்போல வினை கடைசியில் வரும், உருபுகள் சொல்லின் பின்னால் ஒட்டும். வாக்கியம் அமைக்கும் முறை எங்கள் பிள்ளைகளுக்கு அந்நியமாக இராது. தெரிவானபின் காத்திருக்கும் மாதங்களில் அடிப்படை எழுத்தையும் முந்நூறு, நானூறு சொற்களையும் கற்றுக்கொண்டு போகிறவர் முதல் தவணையில் மூச்சுத் திணறமாட்டார்.

துருக்கியின் விண்ணப்பம் முழுவதும் இணையவழி; வழமையாக ஜனவரி 10 முதல் பெப்ரவரி 20 வரை. உயர்தரப் பெறுபேறு வரமுன்னரே, அந்தக் கல்வியாண்டில் படிப்பை முடிக்கிறவராக விண்ணப்பிக்கலாம். நேர்முகத்தில் பேசும் அளவுக்கு ஆங்கிலம் வேண்டும். இலக்கணப் பிழை கொல்லாது, ஏன் இந்தத் துறை என்று சொல்லத் தெரியாமல் நிற்பதுதான் கொல்லும். கொரியாவின் இளமாணி விண்ணப்பம் செப்டெம்பர், ஒக்டோபரில். தூதரகம் வழியாக ஒரு பாதை, பல்கலைக்கழகம் வழியாக ஒரு பாதை. ஒருவர் ஒன்றில் மட்டும் விண்ணப்பிக்கலாம்.

ஜப்பான்: கணிதம் பலமென்றால் மட்டும்

ஜப்பான் அரசின் மெக்ஸ்ட் புலமைப்பரிசிலில் இளமாணிக்கு மாதம் 117,000 யென், கட்டணம் இல்லை, விமானச்சீட்டு உண்டு. முதலாண்டு ரோக்கியோவிலோ ஒசாகாவிலோ மொழியும் அடிப்படைப் பாடங்களும். தூதரகப் பரீட்சையில் விஞ்ஞானத் துறைக்கு ஜப்பான் மொழி, ஆங்கிலம், கணிதம், இரசாயனம் ஆகியவற்றோடு பௌதிகம் அல்லது உயிரியல். வினாத்தாள் ஆங்கிலத்தில் வரும். எங்கள் பிள்ளைகளுக்குக் கணக்குத் தெரிந்தும் கேள்வி விளங்காமல் போவது இங்கேதான். மருந்து ஒன்றே: கடந்தகால வினாத்தாள்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, அவற்றிலுள்ள கணித, இரசாயனக் கலைச்சொற்களைத் தமிழோடு பட்டியலிட்டு, ஆறு மாதமாவது பழக வேண்டும். வவுனியாவிலிருந்து கொழும்புக்குப் போய் எழுதவேண்டிய செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆசனங்கள் மிகக் குறைவு. இதை மட்டும் நம்பி ஓராண்டைக் கழிப்பதை நாங்கள் பரிந்துரைக்கமாட்டோம்.

இந்தியா

குறைத்து மதிக்கப்படுவது இதுதான். இலங்கையருக்கென்றே நேரு, மௌலானா ஆசாத், ராஜீவ் காந்தி பெயர்களில் புலமைப்பரிசில்கள் உண்டு: முதலாவது இளமாணிக்கு, இரண்டாவது முதுமாணிக்கு, மூன்றாவது தகவல் தொழில்நுட்பத்துக்கு. மருத்துவம் இல்லை. வயது வரம்பு தளர்வானது என்பதால் மூன்றாம் தடவை எழுதியவரும் தைரியமாக விண்ணப்பிக்கலாம். விசாரிக்கக் கொழும்புக்கு ஓடத் தேவையில்லை. யாழ்ப்பாணத்தில் துணைத் தூதரகம் இருக்கிறது.

சிக்கல், படிப்பு ஆங்கிலத்தில். மொழி ஆண்டு கிடையாது. முதல் தவணையிலேயே விரிவுரை ஆங்கிலத்தில் ஓடும். சாதாரண தர ஆங்கிலத்தில் தட்டுத்தடுமாறியவர், பெறுபேறு வரும் இடைவெளியை ஆங்கிலத்துக்கே கொடுக்க வேண்டும்.

"முழு" என்று சொல்லப்படுபவை

சீன அரசின் புலமைப்பரிசிலில் இளமாணிக்கு மாதம் 2,500 யுவான், விடுதி, கட்டணம் உண்டு. விமானச்சீட்டு எல்லாப் பிரிவுகளிலும் இல்லை. ஹங்கேரியின் திட்டம் 43,700 ஃபொரின்ட் கொடுக்கிறது, அது வாழ்க்கைச் செலவுக்குப் போதாது, பயணச்செலவும் உங்களுடையது. ஆங்கிலத் தேர்ச்சிச் சான்றும் பெரும்பாலும் கேட்பார்கள். ரஷ்யாவின் அரச ஒதுக்கீடு கட்டணத்தை நீக்கி, மிகச் சிறிய உதவித்தொகையே தருகிறது; பயணச்செலவும் வாழ்க்கைச் செலவும் உங்களுடையது. வயல் ஈடு வைத்து அனுப்ப வேண்டிவந்தால் அதை முழுப் புலமைப்பரிசில் என்று அழைக்க முடியாது.

மேலே சொன்ன அரச திட்டங்களில் விண்ணப்பக் கட்டணம் கேட்பதில்லை. "இடம் எடுத்துத் தருகிறோம்" என்று இலட்சங்கள் கேட்கும் முகவருக்குத் தெரிவில் எந்த அதிகாரமும் கிடையாது.

ஆவணங்கள்தான் ஆளை வீழ்த்துவது

இப்போது உயர்தரம் எழுதுகிறவர்கள் 2006, 2007 அளவில், போர் நடந்த காலத்தில் பிறந்தவர்கள். காலங்கடந்து பதியப்பட்ட பிறப்புச் சான்றிதழ்கள், இடம்பெயர்வில் தொலைந்த மூலப்பிரதிகள் இன்றும் வருகின்றன. தந்தையின் பெயர் ஓரிடத்தில் முழுதாகவும் இன்னோரிடத்தில் முதலெழுத்தாகவும் இருக்கும். ஆங்கில எழுத்துக்கூட்டல் மூன்று விதமாக இருக்கும். முதலில் கடவுச்சீட்டை எடுங்கள். வவுனியாவில் பிராந்திய அலுவலகம் உண்டு. அதிலுள்ள எழுத்துக்கூட்டலையே மற்ற எல்லாவற்றிலும் பின்பற்றுங்கள். சிறிய வேறுபாட்டுக்குச் சத்தியக்கடதாசி போதும். பிறப்புப் பதிவிலேயே பிழையென்றால் பிரதேச செயலகத்தில் திருத்த விண்ணப்பம் கொடுக்க வேண்டும். அதற்கு மாதக்கணக்காகலாம் என்பதால் உயர்தரம் எழுதமுன்னரே தொடங்குங்கள்.

மொழிபெயர்ப்புக்குச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் முத்திரை வேண்டும். வெளிவிவகார அமைச்சின் சான்றுறுதியை யாழ்ப்பாணத்திலுள்ள பிராந்திய அலுவலகத்திலேயே பெறலாம். கொரியாவுக்கு அதன்மேல் கொழும்பிலுள்ள அவர்களது தூதரகத்தின் உறுதிப்படுத்தலும் தேவைப்படும்.

படித்துத் திரும்பி அரச வேலைக்குப் போக எண்ணினால், தெரிவுப் பட்டியலில் போடும் ஒவ்வொரு பல்கலைக்கழகத்தையும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிறதா என்று முன்கூட்டியே பாருங்கள். மருத்துவமென்றால் இலங்கை மருத்துவ சபையின் பட்டியலைப் பார்க்க வேண்டும். திரும்பியபின் சபையின் பரீட்சையும் உண்டு.

காலத்தைப் பார்த்தால் இவை ஒன்றையொன்று முட்டுவதில்லை. ஜனவரியில் துருக்கி, இந்தியாவின் அழைப்பு ஆண்டின் முற்பகுதியில், பெறுபேறு வந்த கையோடு ஜப்பான், செப்டெம்பரில் கொரியா. ஒரே மொழிபெயர்ப்புக் கட்டு நான்குக்கும் உதவும் என்பதால், சான்றுப்படுத்திய பிரதிகளை முதல் தடவையிலேயே நான்கு தொகுதிகளாக எடுத்துவிடுங்கள்.