மின்சாரம் போன பிறகு எது எழும்பும்? உபுண்டு, டெபியன், மின்ட்

திருகோணமலை மத்திய வீதிக்குப் பக்கத்தில் தட்டச்சு, போட்டோக்கொப்பிக் கடை நடத்துகிறேன். கடையில் மூன்று கணினிகள்: இரண்டு மேசைக் கணினிகள், ஒரு மடிக்கணினி. மூன்றிலும் ரேம் 4 ஜிபிதான். விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடிவதாக அறிவிக்கப்பட்டிருந்தது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வசதி என் கணினிகள் ஒன்றிலும் இல்லை. மூன்று புதுக் கணினிகள் வாங்கும் வசதி எனக்கும் இல்லை. அதனால் அந்தத் திகதிக்குச் சில மாதங்கள் முன்பே மூன்றிலும் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இயங்குதளத்தின் மூன்று வகைகளைப் போட்டு, கடை வேலையை அவற்றிலேயே நடத்திப் பார்த்தேன். ஒரு மேசைக் கணினியில் டெபியன், மற்றதில் லினக்ஸ் மின்ட், மடிக்கணினியில் உபுண்டு.

இப்போது இரண்டு மேசைக் கணினிகளிலும் மின்ட் ஓடுகிறது. அதற்கான காரணத்தைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எல்லோரும் சொல்வதைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். மூன்றும் இலவசம், மூன்றும் கட்டற்ற மென்பொருள். ஆவணம் தயாரிக்க லிப்ரே ஆபிஸ், இணையத்துக்குப் பயர்பாக்ஸ் உலாவி மூன்றிலும் உண்டு. பென் டிரைவில் ஏற்றி, வன்தட்டைத் தொடாமலே ஓட்டிப் பார்க்கவும் மூன்றிலும் வழி உண்டு. உறவு முறையில் பார்த்தால் மூன்றும் ஒரே குடும்பம். 1993இல் தொடங்கிய டெபியன்தான் தாய். 2004இல் வந்த உபுண்டு அதன் மேல் கட்டப்பட்டது. 2006இல் வந்த மின்ட், உபுண்டுவின் மேல் கட்டப்பட்டது. ஃபெடோரா என்ற இன்னொரு லினக்ஸை நான் கணக்கில் எடுக்கவில்லை. அதன் ஒவ்வொரு பதிப்புக்கும் ஏறத்தாழ 13 மாதங்கள்தான் ஆதரவு. ஆண்டுக்கொரு முறை கடைக் கணினியை அடியோடு பதிப்பு மாற்ற என்னால் முடியாது.

உபுண்டு பார்வைக்கு அழகானது. 24.04 போன்ற நீண்டகால ஆதரவுப் பதிப்புகளுக்கு ஐந்து ஆண்டுகள் புதுப்பிப்பு கிடைக்கும். எந்தச் சிக்கலைத் தேடினாலும் விடை முதலில் உபுண்டுவுக்குத்தான் எழுதப்பட்டிருக்கும். அது பெரிய பலம். ஆனால் நிறுவல் கோப்பே 6 ஜிபிக்குக் கிட்ட வரும். 4 ஜிபி ரேமில் உலாவியையும் ஒரு நீண்ட ஆவணத்தையும் ஒன்றாகத் திறந்தால் மூச்சு வாங்கும். அதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது ஸ்னாப் என்ற பொதி முறை, அதாவது மென்பொருளைக் கட்டாக இறக்கி நிறுவும் ஒரு வழி. 22.04 முதல் உபுண்டுவில் பயர்பாக்ஸ் ஸ்னாப்பாகத்தான் வருகிறது. ஸ்னாப்கள் ஒரு நாளைக்கு நான்கு முறை புதிய பதிப்பு இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் தாமாகவே இறக்கிக்கொள்ளும். அளவில்லா இணைப்பு உள்ளவருக்கு அது வசதி. கைபேசியின் ஹொட்ஸ்பொட்டில் டேட்டாவை எண்ணிச் செலவழிக்கும் என் கடைக்கு அது ஒத்துவராது. நிறுத்திவைக்கும் கட்டளை ஒன்று இருக்கிறது. ஆனால் அதை அறிந்து, நினைவு வைத்துச் செய்ய வேண்டும்.

டெபியன்மீது எனக்குள்ள மதிப்பு இன்றும் குறையவில்லை. நிறுவனம் எதற்கும் சொந்தமில்லாமல், தன்னார்வலர்கள் வாக்களித்து முடிவெடுத்து நடத்தும் திட்டம் அது. முன்பெல்லாம் வைஃபை வேலை செய்யத் தேவையான ஃபேர்ம்வெயர் என்ற சிறு மென்பொருளைத் தனியாகத் தேடிப் போட வேண்டியிருந்தது. 2023இல் வந்த டெபியன் 12 முதல் அதிகாரபூர்வ நிறுவியிலேயே அது சேர்ந்து வருகிறது. இணையவழி நிறுவியின் கோப்பு ஒரு ஜிபியைவிடச் சிறியது. நிலையான பதிப்பில் புதுப்பிப்புகள் குறைவு. பெரும்பாலும் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டுமே. எக்ஸ்எஃப்சிஇ என்ற எளிய மேசைத்தளத்துடன் (திரையில் தெரியும் பட்டியல்கள், சாளரங்களின் அமைப்பு) போட்டால் என் பழைய கணினியில் இலேசாக ஓடியது. டேட்டாச் செலவை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்வதானால் டெபியனுக்குத்தான் சொல்லியிருப்பேன்.

ஆனால் இங்கே இன்னொரு கணக்கு இருக்கிறது. மின்சாரம்.

ஒரு நாள் மாலை டெபியன் கணினியில் புதுப்பிப்பு ஓடிக்கொண்டிருந்தபோது மின்சாரம் நின்றது. யூபிஎஸ்ஸின் மின்கலம் பழையது. இரண்டு முறை கீச்சிட்டுவிட்டு அதுவும் அணைந்தது. மின்சாரம் வந்த பிறகு கணினியைப் போட்டால் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் மட்டும். உள்நுழையும் பக்கம் வரவேயில்லை. பாதி பிரிக்கப்பட்ட பொதிகள் அப்படியே கிடந்தன. மீட்பு நிலையில் நுழைந்து அவற்றைச் சரிப்படுத்தும் கட்டளையைக் கொடுத்தேன். கோப்புகள் சில குறைகின்றன, இணையம் வேண்டும் என்ற நிலை. அன்றைக்குப் பார்த்துக் கைபேசிச் சிக்னலும் இல்லை. இரண்டு நாட்கள் அந்த மேசை சும்மா கிடந்தது. இதை டெபியனின் குறையாக நான் சொல்லவில்லை. மின்சாரம் நின்றால் எந்த இயங்குதளமும் நடுவழியில்தான் நிற்கும். மீட்புக்கு நான் எதையும் முன்கூட்டி ஆயத்தம் செய்திருக்கவில்லை என்பதுதான் உண்மை.

பிறகு கார்த்திகை மழை தொடங்கியது. அதே போன்ற ஓர் இரவு, அதே பழைய யூபிஎஸ். இம்முறை அகப்பட்டது மின்ட் கணினி. மறுபடி கறுப்புத் திரை. ஆனால் மின்ட்டைப் போட்ட நாளிலேயே அதன் வரவேற்புத் திரை டைம்ஷிப்ட்டை ஒழுங்குபடுத்தச் சொல்லியிருந்தது, நானும் செய்திருந்தேன். இயங்குதளத்தின் கோப்புகளை அவை இருந்தபடியே ஒரு திகதியுடன் பிரதி எடுத்து வைக்கும் கருவி அது. நிறுவப் பயன்படுத்திய அதே பென் டிரைவைச் செருகி, அதிலிருந்து கணினியை எழுப்பினேன். பட்டியலில் டைம்ஷிப்ட் ஏற்கெனவே இருந்தது. திறந்து, வன்தட்டைக் காட்டி, முந்தின நாள் திகதியிட்ட பிரதியைத் தெரிந்து, மீட்கும்படி சொன்னேன். ஒரு தேநீர் குடித்து முடிவதற்குள் வேலை முடிந்தது. கணினி முந்தின நாள் இருந்தபடி எழும்பியது. இணையம் ஒரு துளியும் தேவைப்படவில்லை.

எனக்கு முடிவைத் தந்தது இந்தக் கடைசி வாக்கியம்தான். டைம்ஷிப்ட்டை டெபியனிலும் உபுண்டுவிலும் தாராளமாக நிறுவலாம். ஆனால் அவற்றின் பென் டிரைவில் அது இருப்பதில்லை; அந்த நேரத்தில் இணையத்திலிருந்துதான் இறக்க வேண்டும். மின்சாரம் போய், சிக்னலும் போன ஊரில் அது நடக்கிற காரியமா? மின்ட்டில் மருந்தும் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. 2022 முதல் மின்ட் குழுவே டைம்ஷிப்ட்டைப் பராமரித்து வருகிறது. புதுப்பிப்பு மேலாளரும், பிரதி எடுக்காமல் விட்டிருந்தால் அதை நினைவூட்டுகிறது. தானியங்கிப் புதுப்பிப்பு இயல்பில் அணைந்தே இருக்கும். நாமாகப் பார்த்து, பாதுகாப்புத் திருத்தங்களை முதலில் எடுத்துக்கொண்டு மற்றவற்றைப் பிந்திச் செய்யலாம். நான் சனிக்கிழமை காலையில், மின்சாரம் இருக்கும்போது மட்டுமே செய்கிறேன்.

டைம்ஷிப்ட் பற்றி மூன்று விடயங்களைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அது உங்கள் ஆவணங்களையும் படங்களையும் இயல்பில் காப்பதில்லை; இயங்குதளத்தை மட்டுமே காக்கும். வாடிக்கையாளரின் கோப்புகளை நான் தனியாக வெளி வன்தட்டில் எடுத்து வைக்கிறேன். இரண்டாவது, முதல் பிரதி முழு இயங்குதளத்தின் அளவுக்கு இடம் பிடிக்கும்; அடுத்தவை மாறியவற்றை மட்டும் சேர்க்கும். 120 ஜிபி எஸ்எஸ்டியில் மூன்று பிரதிகளுக்கு மேல் நான் வைப்பதில்லை. மூன்றாவது, விண்டோஸுக்காக வடிவமைத்த பென் டிரைவில் அது பிரதி எடுக்காது. லினக்ஸ் வடிவில் அமைத்த வட்டுதான் வேண்டும்.

டேட்டாவிலும் மின்ட் எனக்கு நட்டம் வைக்கவில்லை. மின்ட் ஸ்னாப்பை இயல்பில் தடுத்து, பயர்பாக்ஸை டெபியன் குடும்பத்தின் சாதாரண டெப் பொதியாகவே தருகிறது. ஆகவே ஒரு கணினியில் இறக்கிய புதுப்பிப்புப் பொதிகளைப் பென் டிரைவில் எடுத்துப்போய் மற்றதன் சேமிப்புக் கோப்புறையில் போட்டால், இரண்டாவது கணினி அவற்றைத் திரும்ப இறக்காது. இரண்டும் ஒரே பதிப்பாக இருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. கடையில் இரண்டு மேசைக்கும் ஒரே இயங்குதளத்தைப் போட்டதற்கு இதுவும் காரணம்.

எழுத்துரு விடயத்தில் மூன்றுக்கும் வேறுபாடில்லை. ஆனாலும் இங்குள்ளவர்கள் முதலில் கேட்பது அதைத்தான். கிண்ணியாவிலிருந்து வரும் ஓர் ஆசிரியை, “தம்பி, என்னுடைய பத்து வருட வினாத்தாள்கள் எல்லாம் பாமினி என்ற பழைய எழுத்துருவில் கிடக்கின்றன. இதில் திறக்குமா?” என்று கேட்டார். “கொண்டு வாருங்கள் ரீச்சர், பார்ப்போம்” என்றேன். பாமினி எழுத்துருக் கோப்பை இருமுறை சொடுக்கி நிறுவியதும் லிப்ரே ஆபிஸில் எல்லாம் திறந்தன. அட்டவணைகளின் கோடுகள் மட்டும் இரண்டு தாள்களில் இடம் மாறின. சிங்களப் படிவங்களுக்கான எஃப்எம் அபயா எழுத்துருவும் அதே வழியில் வேலை செய்தது. ஒருங்குறியில் (யூனிகோட்) தட்டச்சிட, ஐபஸ் என்ற தட்டச்சுக் கருவியுடன் பல மொழி விசைப்பலகைகள் அடங்கிய எம்17என் பொதியை நிறுவினால் தமிழ்99, ரங்கநாதன் இரண்டு விசைப்பலகைகளும் பட்டியலில் வரும்.

அச்சுப்பொறி விடயத்தில் எச்சரிக்கை தேவை. என் இங்க்ஜெட் செருகியதும் வேலை செய்தது. பழைய லேசர் ஒன்று மூன்று இயங்குதளத்திலும் முரண்டு பிடித்தது. வாங்குமுன் அதே மாதிரி எண்ணுக்கு லினக்ஸ் இயக்கி (டிரைவர்) இருக்கிறதா என்று பாருங்கள். விளையாட்டு, காணொளித் தொகுப்பு, தனி கிராபிக்ஸ் அட்டை பற்றியெல்லாம் நான் பேச வரவில்லை. என் கடையில் அந்த வேலை இல்லை. ஒரு மழைக்காலத்து அனுபவத்தை வைத்துத்தான் இவ்வளவும் எழுதுகிறேன் என்பதையும் மனதில் கொள்ளுங்கள்.

மின்ட்டில் சினமன், மாட்டே, எக்ஸ்எஃப்சிஇ என மூன்று வகை உண்டு. 4 ஜிபி ரேமுக்கு நான் எக்ஸ்எஃப்சிஇயை எடுத்தேன். நிறுவல் கோப்பு சுமார் 3 ஜிபி. மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை ஆதரவு உண்டு. அதுவரை இந்த இரண்டு மேசைகளிலும் கை வைக்கப் போவதில்லை.

மடிக்கணினியில் மட்டும் உபுண்டுவை எடுத்துவிட்டு டெபியனைப் போட்டிருக்கிறேன். அதற்குள் மின்கலம் இருக்கிறது. மின்சாரம் போனாலும் புதுப்பிப்பு முடியும்வரை தாங்கும்.