பல்வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் வாங்குபவை: எது கேட்கும், எது கேட்காவிட்டால் ரூட் கெனால்?

பல்வலி என்று சொல்லி மெடிக்கல் ஷாப்பில் நின்றால் கிடைப்பவை ஐந்து. கூச்சத்துக்கான பேஸ்ட், கிராம்பு எண்ணெய், மரத்துப்போக வைக்கும் ஜெல், வலி மாத்திரை, மருத்துவர் சீட்டு இல்லாமல் தரக் கூடாத ஆன்டிபயாடிக். ஆன்லைனில் தேடினால் ஆறாவதாக, ஓட்டையை நாமே அடைத்துக்கொள்ளும் கிட் வரும். ரூட் கெனால் தேவைப்படும் பல்லை இந்த ஆறில் எதுவும் குணமாக்காது. அதற்காக வீண் என்று ஒதுக்கவும் முடியாது. எது கேட்கிறது, எது கேட்கவில்லை, எவ்வளவு நேரம் கேட்கிறது என்று கவனித்தால் பல்லுக்குள் என்ன நடக்கிறது என்பது பாதி புரிந்துவிடும். அதை வைத்தே இவற்றை இங்கே எடைபோடுகிறோம்.

முதலில் பல்லின் அமைப்பு. வெளியே எனாமல், அதற்குள் நுண்துளைகள் நிறைந்த டென்டின், நடுவில் நரம்பும் ரத்தக் குழாயும் உள்ள பற்கூழ். உடம்பில் வேறு இடத்தில் அழற்சி வந்தால் அங்கே வீங்க இடம் உண்டு. பற்கூழைச் சுற்றி நாலாபுறமும் கெட்டிச் சுவர். வீக்கம் உள்ளேயே அழுத்தமாக மாறி, ரத்த ஓட்டத்தை நெரித்து, கடைசியில் பற்கூழையே சாகடிக்கிறது. லேசான அழற்சியாக இருந்தால் சொத்தையைச் சுரண்டி அடைத்ததும் அது தணிந்துவிடும். எல்லை தாண்டிவிட்டால் பெரும்பாலும் ரூட் கெனால் (பற்கூழை எடுத்துவிட்டு வேர்க்குழாயைச் சுத்தம் செய்து அடைப்பது), இல்லையென்றால் பல்லை எடுப்பது. இந்த எல்லை எங்கே என்பதுதான் கேள்வி.

கூச்ச பேஸ்ட்டில் தொடங்கலாம். டியூபின் முன்பக்க விளம்பரத்தைப் பார்க்காதீர்கள், பின்பக்கச் சேர்மானத்தைப் பாருங்கள். பொட்டாசியம் நைட்ரேட் 5% என்று இருந்தால் அது நரம்பின் துடிப்பைக் குறைக்கும் வகை. சென்சோடென்ட் கே இந்த ரகம். பலன் தெரிய இரண்டு வாரமாவது ஆகும். ஸ்டானஸ் ஃபுளோரைடு, கால்சியம் சோடியம் பாஸ்போசிலிகேட், ஆர்ஜினின் என்று இருந்தால் டென்டின் துளைகளை அடைக்கும் வகை. வான்டேஜ் இரண்டாவதாகச் சொன்ன பொருளைக் கொண்டது. சென்சோடைனில் இன்னொரு குழப்பம்: ஒரே பெயரில் வெவ்வேறு மருந்துச் சேர்மானமுள்ள டியூப்கள் விற்கின்றன. சென்ற தடவை கேட்டது இந்தத் தடவை கேட்கவில்லை என்றால் டியூபின் நிறம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள்.

தேய்க்கும் முறையில்தான் பலர் காசை வீணாக்குகிறார்கள். காலையும் இரவும் மென்மையான பிரஷ்ஷால் தேய்த்து, நுரையைத் துப்பிவிட்டு, வாயை நிறையத் தண்ணீர் விட்டுக் கொப்பளிக்காமல் விட வேண்டும். வலி வந்த அன்று மட்டும் தேய்ப்பதில் பயனில்லை. கெட்டி பிரஷ்ஷால் அழுத்தித் தேய்த்து ஈறு இறங்கியதால்தான் கூச்சமே வந்தது என்றால், அதே பிரஷ்ஷோடு எந்த பேஸ்ட்டும் தோற்கும்.

இந்த பேஸ்ட் கேட்கும் கூச்சத்துக்கு ஒரு அடையாளம் உண்டு. ஐஸ் தண்ணீரோ காற்றோ பட்டால் சுரீர் என்று வரும், விலக்கியதும் ஓரிரு வினாடியில் போய்விடும். பெரும்பாலும் ஒரே பல்லில் இராது, பக்கத்துப் பற்களிலும் இருக்கும். இதை மட்டும் சோதித்துப் பாருங்கள்: குளிர்ந்த நீர் ஒரு மடக்கை வலிக்கும் பக்கம் வைத்திருந்து, விழுங்கியபின் எண்ணத் தொடங்குங்கள். ஐந்து எண்ணுவதற்குள் அடங்கினால் நல்ல செய்தி. 30 வினாடி தாண்டியும் வலி இழுத்துக்கொண்டே போனால் பற்கூழ் மீள முடியாத நிலைக்குப் போய்க்கொண்டிருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். கூச்ச பேஸ்ட்டுகளின் அட்டையில் நான்கு வாரத்துக்கு மேல் தொடரும் கூச்சத்துக்கு மருத்துவரைப் பாருங்கள் என்ற மாதிரி எச்சரிக்கை வழக்கமாக இருக்கும். ஒற்றைப் பல்லில், அதுவும் கண்ணுக்குத் தெரியும் சொத்தையோடு வலி என்றால் அந்த நான்கு வாரமும் காத்திருக்க வேண்டாம். சொத்தைக்கு அது மருந்தே அல்ல.

கிராம்பு எண்ணெய் பழைய ஆள், ஆனால் வெறும் பாட்டி வைத்தியம் இல்லை. அதிலுள்ள யூஜினால் நரம்பு முனைகளை மரக்கச் செய்கிறது. துத்தநாக ஆக்ஸைடோடு சேர்த்துத் தற்காலிக அடைப்பாகப் பல் மருத்துவர்களே பயன்படுத்தும் பொருள் அது. குறையெல்லாம் நாம் போடும் விதத்தில். பஞ்சை எண்ணெயில் முக்கி அப்படியே கன்னத்தில் அடக்கிக்கொண்டால் ஈறு வெந்து வெள்ளையாகத் தோலுரியும். பிறகு பல்வலியோடு புண் வலியும் சேரும். பயறு அளவு பஞ்சில் ஒரே துளி, அதையும் பிழிந்துவிட்டு, ஓட்டைக்குள் மட்டும் வைத்துச் சில நிமிடத்தில் எடுத்துவிட வேண்டும். குழந்தைகளுக்கு எண்ணெய் வேண்டவே வேண்டாம், சிறிதளவு விழுங்கினாலும் ஆபத்து. ஓட்டையே இல்லாத பல்லில் தடவிப் பயனில்லை, எனாமலைத் தாண்டி அது உள்ளே போகாது. ஆழமான சொத்தையில் வைத்து அரை மணி நேரம்கூட நிம்மதி கிடைக்கவில்லை என்றால் இன்னும் இரண்டு துளி சேர்ப்பதில் அர்த்தமில்லை. மருத்துவரிடம் போகும்போது எண்ணெய் வைத்ததைச் சொல்லிவிடுங்கள். பல் நிறத்தில் அடைக்கும் கலவை சரியாக இறுகுவதை யூஜினால் கெடுக்கும்.

கண்டங்கத்திரி விதைப் புகை பிடித்தால் புழு விழும் என்று இன்னும் சில ஊர்களில் சொல்கிறார்கள். பல்லில் புழுவே கிடையாது. சொத்தை பாக்டீரியாவின் வேலை.

மரத்துப்போகும் ஜெல்லுக்குக் குறைந்த மதிப்பெண்தான். லிக்னோகெய்னோ, மியூகோபெயினில் உள்ள 20% பென்சோகெய்னோ, வாய்ப்புண்ணுக்கும் ஈறுக்கும் நன்றாகக் கேட்கும். பல்லுக்குள் இருக்கும் நரம்புக்குப் பெரும்பாலும் எட்டாது. ஆகவே ஜெல் தடவியதும் வலி நின்றால் அது ஒரு தகவல்: வலி அநேகமாகப் பல்லுக்குள் அல்ல, ஈறிலோ புண்ணிலோ இருக்கிறது, ஞானப்பல்லை மூடிய சதையாகக்கூட இருக்கலாம். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் பல் முளைக்கும் வலிக்கு பென்சோகெய்ன் விற்கக் கூடாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018-இல் எச்சரித்தது. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை அது குறைத்துவிடக்கூடும்.

வலி மாத்திரைதான் இந்த வரிசையில் உண்மையாக வேலை செய்யும் சரக்கு, ஏமாற்றுவதும் அதுதான். பல்வலியின் வேர் அழற்சி. ஆகவே ஐபுபுரூஃபன் வகை வெறும் பாராசிட்டமாலை விட நன்றாகக் கேட்கும், இரண்டும் சேர்ந்தால் இன்னும் நன்றாக. காம்பிஃபிளாம் மாத்திரையில் ஐபுபுரூஃபன் 400 மி.கி., பாராசிட்டமால் 325 மி.கி. சாப்பாட்டுக்குப் பின் போட வேண்டும். இதோடு டோலோ 650-யும் தனியாகப் போடுபவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கட்டும்: நாளுக்கு மூன்று காம்பிஃபிளாமில் 975 மி.கி., நான்கு டோலோவில் 2600 மி.கி., ஆக 3575 மி.கி. பாராசிட்டமால். பெரியவர்களுக்கு உச்ச வரம்பே 4000. குடிப்பழக்கமோ கல்லீரல் கோளாறோ இருந்தால் வரம்பு அதற்கும் கீழே. வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை, கர்ப்பம், இவற்றில் ஒன்று இருந்தாலும் ஐபுபுரூஃபனை மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. காய்ச்சலும் சேர்ந்திருந்து டெங்கு நடமாடும் காலமாக இருந்தால் அதற்கும் இதே விதி. கெட்டரோலாக் 10 மி.கி. கரையும் மாத்திரையைச் சில கடைகள் மிட்டாய் போலத் தருகின்றன. அது சீட்டு மருந்து, ஐந்து நாளுக்கு மேல் போடக் கூடாதது. ஆஸ்பிரினைப் பொடித்து ஈறில் வைப்பது வேலைக்கே ஆகாது, சதை வெந்துபோகும்.

மாத்திரையை வைத்து நிலையை எப்படிப் படிப்பது? தொட்டால்தான் வலி, மாத்திரை போட்டால் அன்று முழுவதும் நிம்மதி என்றால் அவகாசம் இருக்கலாம். எதுவும் படாமலே வலி தானாகக் கிளம்பி விண் விண்ணென்று தெறித்தால், படுத்தால் கூடி எழுந்து உட்கார்ந்தால் குறைந்தால், மாத்திரையின் வேகம் அடங்குவதற்குள்ளேயே தூக்கம் கலைந்தால், பற்கூழ் தாங்கும் எல்லையைத் தாண்டிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். எந்தப் பல் என்று விரல் வைத்துச் சொல்ல முடியாமல் மேலா கீழா என்றே குழப்புவதும் இந்தக் கட்டத்தின் குணம். வலி காது, நெற்றிப்பொட்டு, தாடை வரை ஓடும். ஆனால் முகத்தின் அந்தப் பாதியைத் தாண்டி மறுபக்கம் போவது அரிது. இதற்கடுத்த கட்டம் தெளிவானது: காபி முதல் மடக்கிலேயே உயிர் போகும், குளிர்ந்த நீரை வாயில் வைத்திருந்தால் அடங்கும். பாட்டிலில் ஐஸ் தண்ணீரோடு கிளினிக் வாசலில் உட்கார்ந்திருப்பவருக்கு வேறு அடையாளம் அதிகம் தேவையில்லை.

ஏமாறுவது அதற்குப் பிறகு. பத்து நாள் படுத்திய வலி ஒரு நாள் காலையில் சுத்தமாக இல்லை. மாத்திரையோ பேஸ்ட்டோ ஜெயித்துவிட்டது என்று கடைக்கு நல்ல பெயர். பல சமயம் நடந்தது பற்கூழ் செத்தது. செத்த நரம்புக்குக் குளிரும் தெரியாது, சூடும் தெரியாது. வாரங்களோ மாதங்களோ கழித்து வேர் நுனியைத் தாண்டிக் கிருமி எலும்புக்குள் போகும்போது கடித்தால் வலிக்கும், பல் உயர்ந்துவிட்டது போலிருக்கும். இப்போது எந்தப் பல் என்று கச்சிதமாகக் காட்ட முடியும். ஈறில் சிறு கொப்புளம் வந்து உடைந்து, மறுபடி வந்து, வாயில் உப்புக்கரிப்பாகச் சீழ் கசிந்தால் அங்கே வடிகால் திறந்திருக்கிறது என்று பொருள். அதனால்தான் வலி இல்லை. எப்போதோ அடிபட்ட முன்பல் சாம்பல் நிறமாக மாறுவதும் பரிசோதிக்க வேண்டிய அடையாளம்.

ஆன்லைன் அடைப்பு கிட்டில் ஆபத்து இங்கேதான். பழைய அடைப்பு கழன்று விழுந்த இடத்தில், வலியே இல்லாத பல்லில், மருத்துவரைப் பார்க்கும் வரை இரண்டொரு நாள் உணவு புகாமல் காப்பதற்கு அது போதும். உள்ளே செத்துச் சீழ் பிடித்த பல்லை மூடினால் அழுத்தம் வெளியேற வழியில்லாமல் இரவோடிரவாக முகம் வீங்கும்.

ஆன்டிபயாடிக்கைப் பொறுத்தவரை தீர்ப்பு சுருக்கம்: கவுன்டரில் கேட்டு வாங்காதீர்கள். அமாக்ஸிசிலின் 500, மெட்ரானிடசோல் 400 என்ற ஜோடியைப் பல்வலி என்றதும் எடுத்துத் தரும் கடைகள் உண்டு. ரத்த ஓட்டம் நின்றுபோன பற்கூழுக்குள் ரத்தத்தின் வழியே மருந்து எப்படிப் போகும்? உயிரோடு வீங்கியிருக்கும் பற்கூழின் வலியையும் அது குறைப்பதில்லை. நோய் எதிர்ப்புச் சக்தி சரியாக உள்ள பெரியவர்களுக்கு, பல் சிகிச்சை கிடைக்கும் இடத்தில், இந்தவகை வலிக்கு ஆன்டிபயாடிக் வேண்டாம் என்றே அமெரிக்கப் பல் மருத்துவர் சங்கத்தின் 2019 வழிகாட்டுதல் சொல்கிறது. அது தேவைப்படுவது காய்ச்சல், பரவும் வீக்கம், வாய் திறக்க முடியாமை போன்றவை சேரும்போது. அப்போதும் சீழை வெளியேற்றுவதற்குத் துணையாகத்தான். வீக்கம் கண்ணை மூடினாலோ, நாக்குக்கு அடியிலோ கழுத்திலோ இறங்கினாலோ, எச்சில் விழுங்கவும் மூச்சு விடவும் சிரமமானாலோ பல் கிளினிக் திறக்கும் வரை காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

எல்லாப் பல்வலியும் ரூட் கெனாலில் முடிவதில்லை. சளி பிடித்திருக்கும்போது மேல் கடைவாய்ப் பற்கள் மூன்று நான்கு சேர்ந்து வலித்து, குனிந்தால் கூடினால் சைனஸாக இருக்கலாம். கடிக்கும்போது அல்ல, கடித்து விடுவிக்கும் நொடியில் சுரீர் என்றால் விரிசலைத் தேட வேண்டும். புதிதாக அடைத்த பல் கடித்தால் மட்டும் வலித்தால் அடைப்பு உயரமாக இருக்கிறதா என்று பாருங்கள். மருத்துவர் அந்த உயரத்தை ஐந்து நிமிடத்தில் தேய்த்துச் சரிசெய்தால் தீர்ந்துவிடும்.

கிளினிக்குக்குப் போகும் நாளில் தாங்க முடிந்தால் வலி மாத்திரையைத் தவிர்த்துவிடுங்கள். போட்டிருந்தால் எத்தனை மணிக்கு என்று சொல்லுங்கள். குளிர்ச் சோதனையையும் தட்டும் சோதனையையும் அது மறைத்துவிடும். நல்ல பரிசோதனையில் பஞ்சில் குளிரூட்டும் ஸ்ப்ரேயை அடித்து, முதலில் வலியில்லாத பல்லில் வைத்துக் காட்டி, பிறகு சந்தேகப் பல்லில் வைப்பார்கள். வாய்க்குள் பார்க்கும் சிறு கண்ணாடியின் கைப்பிடியால் பல்லைத் தட்டுவார்கள், கடிக்கச் சொல்வார்கள், ஈறின் ஆழத்தை அளப்பார்கள். கொப்புளம் இருந்தால் அதன் துளையில் மெல்லிய ரப்பர் குச்சியை நுழைத்துப் படம் எடுத்து அது எந்த வேருக்குப் போகிறது என்று பார்ப்பார்கள். ஐ.ஓ.பி.ஏ. எக்ஸ்ரே (ஓரிரு பற்களை வேர் நுனி வரை காட்டும் சிறு படம்) சொத்தையின் ஆழத்தையும் வேர் நுனியின் எலும்புத் தேய்மானத்தையும் காட்டும், பற்கூழின் அழற்சியைக் காட்டாது. எலும்பு கணிசமாகக் கரைந்தபின்தான் கறுப்பு நிழல் தெரியும். ஆகவே படம் சுத்தம் என்பதால் ரூட் கெனால் வேண்டாம் என்றும் ஆகாது, படத்தைப் பார்த்த உடனேயே வேண்டும் என்றும் ஆகாது. "குளிர்ச் சோதனையில் என்ன வந்தது, டாக்டர்?" என்று கேளுங்கள். பதிலும் வரவில்லை, சோதனையும் நடக்கவில்லை என்றால் படத்தின் நகலை வாங்கிக்கொண்டு இன்னொரு மருத்துவரிடமோ அரசுப் பல் மருத்துவக் கல்லூரியின் வெளிநோயாளர் பிரிவிலோ காட்டலாம்.