ஒற்றை ஷாஃப்டுக்கு எது சரி: லேத்தா, சி.என்.சி.யா, கிரைண்டிங்கா, வயர் கட்டா?

மாம்பழ சீசன் உச்சத்தில் இருக்கும்போது கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கூழ் ஆலைகளில் பெங்களூரா ரகம் லாரி லாரியாக வந்து நிற்கும். அந்த நேரம் பார்த்துக் கூழ் பிரிக்கும் இயந்திரத்தின் ஷாஃப்ட் (சுழலும் தண்டு) தேய்ந்து ஆடத் தொடங்கினால், கம்பெனி உதிரிபாகம் வரும்வரை பழம் பொறுத்திருக்காது. உள்ளூரிலேயே புதிதாகச் செய்தாக வேண்டும். உடனே எல்லோரும் சொல்வது: “ஓசூருக்கு அனுப்பி சி.என்.சி.யில் போட்டுவிடலாம்.” சி.என்.சி. என்றால் கணினி புரோகிராமின்படி தானே வெட்டும் இயந்திரம்; ஒற்றை ஷாஃப்டுக்கு இது பெரும்பாலும் வீண் செலவு என்பது என் உறுதியான கருத்து. எந்த இயந்திரம் என்று கேட்பதற்கு முன், ஷாஃப்டின் எந்த இடத்தில் எவ்வளவு துல்லியம் வேண்டும் என்று கேட்க வேண்டும்.

40 மி.மீ. விட்டம், 316 வகைத் துருப்பிடிக்காத எஃகு என்று வைத்துக்கொள்வோம். இரு முனையிலும் பேரிங் உட்காரும் இடம், எண்ணெய் கசியாமல் தடுக்கும் ஆயில் சீல் உரசும் இடம், ஒரு கீவே (சாவிக்கட்டை உட்காரும் நீள் பள்ளம்), ஒரு மரை. இவற்றில் பேரிங் இருக்கைக்கு வழக்கமாகக் கேட்கப்படும் அளவு 40.002 முதல் 40.018 மி.மீ. வரை. இடைவெளி 16 மைக்ரான் (மைக்ரான் என்பது மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு). தலைமுடிக் கனத்தில் ஏறத்தாழ கால் பங்கு. அளவு குறைந்தால் பேரிங்கின் உள்வளையம் வழுக்கிச் சுழன்று ஷாஃப்டைத் தின்றுவிடும். கூடினால் பேரிங்கின் உள் இடைவெளி இறுகிச் சூடேறும். நடு உடம்பிலோ ஒரு மி.மீ.யில் பத்தில் ஒரு பங்கு கூடினாலும் குறைந்தாலும் யாருக்கும் நஷ்டமில்லை.

கையால் இயக்கிக் கடையும் சாதாரண லேத்துக்கு இன்றும் மதிப்பு குறையவில்லை. தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் உள்ள கடைசல் பட்டறைகளில், கை தேர்ந்த டர்னர் நல்ல லேத்தில் 0.02 மி.மீ.க்குள் நிறுத்திவிடுவார். புரோகிராம் எழுத வேண்டியதில்லை. எஃகுக் கம்பி வந்த கையோடு வேலை தொடங்கும். இரு சென்டர்களுக்கு (முனைத் துளைகளில் பொருந்தும் கூர்முனைகள்) இடையே பிடித்துக் கடைந்தால் இரண்டு பேரிங் இருக்கைகளும் ஒரே அச்சில் அமையும். பழைய லேத்தின் பெட் (டூல் நகரும் அடித்தளம்) தேய்ந்திருந்தால் விட்டம் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மெல்லச் சரியும். அதனால் இருக்கையின் இரண்டு ஓரத்திலும் மைக்ரோமீட்டர் வைத்துப் பார்க்காமல் வாங்கக் கூடாது.

சி.என்.சி.யின் பலம் திரும்பத் திரும்ப ஒரே அளவைத் தருவது. கிரானைட் பாலிஷ் ஆலைக்கு ஒரே மாதிரி ஐம்பது புஷ் (உள்ளே துளையுள்ள உருளை வளையம்) வேண்டுமென்றால் வேறு யோசனையே தேவையில்லை. டைட்டன், டி.வி.எஸ்., அசோக் லேலண்ட் ஆலைகள் உள்ள ஓசூரில் இந்த வேலைக்குப் பட்டறைகளுக்குக் குறைவில்லை. ஆனால் புரோகிராம், செட்டிங், முதல் பீஸ் சோதனை ஆகியவற்றின் செலவு ஐம்பதில் பகிர்ந்தால் சிறியது. ஒன்றின் தலையில் விழுந்தால் பெரியது. வளைவுகளும் பல முகங்களில் துளைகளும் உள்ள பாகமென்றால் ஒன்றே ஒன்றானாலும் வி.எம்.சி. எனும் சி.என்.சி. மில்லிங் இயந்திரத்துக்குப் போகலாம். நேர் ஷாஃப்டுக்கு அது வேண்டாம்.

இந்த ஷாஃப்டின் ஆயுளைத் தீர்மானிப்பது கிரைண்டிங். 316 எஃகில் டூல் வெட்டாமல் உரசினால் மேற்பரப்பு இறுகிவிடும். கடைசி சில மைக்ரானை லேத்தில் எடுப்பது சிரமம். சாணைச் சக்கரம் அதை நிதானமாக எடுக்கும். ஆயில் சீல் இடத்தில் இதன் தேவை இன்னும் கூடுதல். லேத்தில் கடைந்த பரப்பில் கண்ணுக்குத் தெரியாத சுருள் கோடு ஓடும். ஷாஃப்ட் சுழலும்போது அது மரைபோல் வேலை செய்து, சீல் புத்தம் புதிதாக இருந்தாலும் எண்ணெயை வெளியே தள்ளக்கூடும். சீலை மாற்றி மாற்றி அலுத்துப்போகிறவர்கள் பார்க்க வேண்டியது ஷாஃப்டின் இந்தப் பரப்பைத்தான். சக்கரத்தைப் பக்கவாட்டில் நகர்த்தாமல் நேராக உள்ளே செலுத்தி கிரைண்ட் செய்தால் சுருள் கோடு விழாது. சொரசொரப்பு 0.2 முதல் 0.8 மைக்ரானுக்குள் இருக்க வேண்டும்.

வயர் கட்டைப் பற்றி இங்கே அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 0.25 மி.மீ. பித்தளைக் கம்பி பாகத்தைத் தொடாமலே மின்பொறியால் அரித்து வெட்டும், மின்சாரம் கடத்தும் எதையும், எவ்வளவு கடினமானாலும் வெட்டும், வேகம் குறைவு. கடினமாக்கிய டை பிளேட்டுக்கு (தகட்டை வெட்டி எடுக்கும் அச்சு) அதுவே வழி. ஷாஃப்டின் கீவேக்கு மில்லிங்கும் (சுழலும் கட்டரால் வெட்டுவது), இரு ஷாஃப்டை இணைக்கும் கப்ளிங்கின் உள் கீவேக்கு ஸ்லாட்டிங்கும் (மேலும் கீழும் ஓடும் டூலால் வெட்டுவது) போதும்.

ஆகவே என் தேர்வு கலப்பு வழி. உள்ளூர் லேத்தில் முழுவதையும் கடைந்து, பேரிங், சீல் இடங்களில் மட்டும் விட்டத்தில் 0.25 மி.மீ. மிச்சம் வைத்து, மில்லிங்கில் கீவே போட்ட பிறகு கிரைண்டிங்குக்கு அனுப்புங்கள். அளவை ஆறிய பிறகே எடுக்கச் சொல்லுங்கள். இந்த எஃகு 15 டிகிரி கூடுதல் சூட்டில் இருந்தால் 40 மி.மீ. விட்டம் சுமார் 10 மைக்ரான் பெருத்துக் காட்டும்; நம் 16 மைக்ரானில் பாதிக்கு மேல் அங்கேயே போய்விடும். வரைபடத்தில் அந்த மூன்று இடங்களுக்கு மட்டும் மைக்ரான் அளவு குறிப்பிடுங்கள். எல்லா இடத்திலும் எழுதினால் எல்லா இடத்துக்கும் கூலி கேட்பார்கள், அது நியாயமும்கூட. இரு முனையிலும் உள்ள சென்டர் துளைகளை அழகுக்காக வெட்டிவிட அனுமதிக்காதீர்கள். பின்னொரு நாள் தேய்ந்த இருக்கையில் உலோகம் ஏற்றி மறுபடி கிரைண்ட் செய்ய, அச்சைப் பிடிக்க அவைதான் இருக்கும்.