கமல் சொன்ன புக்ல முதல்ல எது: தோணியா, கோபல்லமா, ஜி.என்.னா?

பிக்பாஸ் நாலாவது சீசன், 2020 அக்டோபர்ல ஆரம்பிச்சு 2021 ஜனவரில முடிஞ்சது. அதுல வீக்கெண்ட் எபிசோடு வந்தா கமல் ஒரு புக்கை கையில எடுத்து கொஞ்ச நேரம் பேசுவாரு, சண்டை பஞ்சாயத்துக்கு நடுவுல திடீர்னு இலக்கியம். அந்த லிஸ்ட் இன்னும் வாட்ஸப்ல சுத்திக்கிட்டுத்தான் இருக்கு. ஆனா லிஸ்ட்ல ஒரு சிக்கல். எல்லாத்தையும் ஒரே மூச்சுல அருமையான புக்குன்னு சொல்லிட்டா, இதுவரைக்கும் நாவலே படிக்காத ஒருத்தர் எதை முதல்ல எடுக்குறது, எதை ஒரு வருஷம் கழிச்சு எடுக்குறதுன்னு அதுல இல்ல. ரேங்க் போடுறது தப்புன்னு சில பேர் சொல்லுவாங்க, சொல்லட்டும், நான் போடப்போறேன்.

எனக்கு நிஜமான போட்டி மூணு தமிழ் நாவலுக்கு நடுவுலதான். ப.சிங்காரத்தோட புயலிலே ஒரு தோணி, கி.ரா.ங்கிற கி.ராஜநாராயணனோட கோபல்ல கிராமம், ஜி.என்.ங்கிற ஜி.நாகராஜனோட நாளை மற்றுமொரு நாளே. மூணுமே 70கள்ல வெளிவந்தது, 1972, 1976, 1974. கிட்டத்தட்ட ஒரே காலம், ஆனா மூணு பேரும் மூணு வேற கிரகத்துல உக்காந்து எழுதுன மாதிரி இருக்கும்.

தோணியில இருந்து ஆரம்பிப்போம், ஏன்னா லிஸ்ட்ல பெரிய தலை அதுதான், வாங்குனவங்க பாதியில நிறுத்துறதும் அதைத்தான். கதை தமிழ்நாட்டுல தொடங்கல. இந்தோனேசியாவுல மெடான் நகரம், ரெண்டாம் உலகப்போர், டச்சுக்காரன் போயி ஜப்பான்காரன் உள்ள வர்றான். தெரு பேரெல்லாம் டச்சு, நடுவுல மலாய் வார்த்தை, வட்டிக்கடையில வேலை பாக்குற நம்மூர் ஆளுங்க பேசுற தொழில் பாஷை வேற, மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன்னு. யாரும் உங்களுக்கு எதையும் விளக்க மாட்டாங்க. சிங்காரம் 1938ல சின்ன வயசுல கப்பலேறி மெடானுக்கு வேலைக்குப் போனவரு, போர் முடிஞ்சு 46ல திரும்பி வந்து மதுரையில தினத்தந்தியில வேலை பாத்தாரு, அதனால அவருக்கு அந்தத் தெருவெல்லாம் காலால நடந்து பழகுன தெரு, நமக்குத்தான் புதுசு. முதல் ஐம்பது பக்கம் பேரும் இடமும் குழம்பும். குழம்பட்டும், அப்படியே போயிட்டே இருங்க, கதாநாயகன் பாண்டியன் புயல்ல கடலைக் கடக்குற இடம் வந்துச்சுன்னா அதுக்கப்புறம் புக்கை கீழ வைக்க முடியாது.

அந்தப் புயல் அத்தியாயம் பத்தி எல்லாரும் பேசுவாங்க. எனக்கு அதைவிட பிடிச்சது நண்பர்கள் உக்காந்து குடிச்சுக்கிட்டே தமிழ்ப் பெருமையை கிழிகிழின்னு கிழிக்கிற இடங்கள். சங்கப்பாட்டு, சிலப்பதிகாரம், தாயுமானவர் எல்லாம் கரைச்சுக் குடிச்ச ஒருத்தராலதான் அப்படி கிண்டல் பண்ண முடியும். சிரிச்சுக்கிட்டே படிப்பீங்க, கொஞ்ச நேரம் கழிச்சு நம்மளைத்தான் சொல்றாருன்னு உறைக்கும். ஆனா அந்தக் கிண்டல் புரியணும்னா அவர் எதைக் கிண்டல் பண்றாருன்னு கொஞ்சமாவது தெரிஞ்சிருக்கணும், புதுசா படிக்க வர்றவங்களுக்கு அதுல பாதி நழுவிடும். இதை எழுதி முடிச்சது 1962ல, புக்கா வந்தது பத்து வருஷம் கழிச்சு. மனுஷன் மொத்தமே ரெண்டு நாவல்தான் எழுதுனாரு, அதோட நிறுத்திட்டாரு.

இதுக்கு நேர் எதிர் கோபல்ல கிராமம். இங்க நீங்க எதுக்கும் முயற்சி பண்ண வேண்டாம், கி.ரா. பேச ஆரம்பிச்சா நீங்க திண்ணையில உக்காந்த மாதிரிதான். கரிசல் வட்டார வார்த்தை நெறைய வரும், ஆனா எங்கயும் தடுக்காது, ஏன்னா அது எழுத்தா இல்ல, குரலா இருக்கு. ஆரம்பமே ஒரு கொலை. கர்ப்பிணிப் பொண்ணு ஒருத்தி தனியா வர்றா, நகைக்காக ஒருத்தன் அவளை தண்ணியில அமுக்கிக் கொல்றான், அவ சாகுறப்போ அவன் கால் கட்டைவிரலைக் கடிச்ச கடி விடல. இப்படி ஒரு ஓபனிங் வச்சிட்டு அப்புறம் 137 வயசு மங்கத்தாயாரு அம்மாவை விட்டு பழைய கதையை சொல்ல வைக்கிறாரு, தெலுங்கு தேசத்துல இருந்து ஒரு பொண்ணோட மானத்தைக் காப்பாத்த சொந்தபந்தமெல்லாம் சேர்ந்து தெற்கு பாத்து ஓடி வந்தது, ஆத்தைக் கடக்க ஒரு மரம் வளைஞ்சு குடுத்தது, காட்டைக் கொளுத்தி ஊரு உண்டாக்குனது. மரம் வளைஞ்சுச்சான்னு நீங்க கேக்க மாட்டீங்க. பாட்டி சொன்னா வளைஞ்சதுதான்.

ரெண்டுமே இடம்பெயர்ந்தவங்க கதைதான்னு யோசிச்சுப் பாத்தா சுவாரசியமா இருக்கும். கி.ரா.வோட ஆளுங்க கூட்டமா வந்து, மண்ணைப் பிடிச்சு, வேர் விட்டுடுறாங்க. சிங்காரத்தோட பாண்டியன் தனியா போறான், எங்கயும் ஒட்ட மாட்டேங்குறான், மெடான்ல இருக்குறப்போ மதுரைத் தெரு ஞாபகம் வருது, ஆனா திரும்பிப் போனா அங்கயும் அவனுக்கு இடம் இருக்குமான்னு சந்தேகம். கி.ரா. படிச்சு முடிச்சா ஊருக்குப் போகணும் போல இருக்கும். சிங்காரம் படிச்சா ஊர்னு ஒண்ணு இருக்கான்னே தோணும்.

கோபல்லத்துல எனக்கு ஒரு குறை உண்டு. கதைகளை ஒண்ணுக்கப்புறம் ஒண்ணா அடுக்கிட்டே போறாரு, நாவல்னு ஒரு இழுவிசை பிற்பகுதியில குறையுது, வெள்ளைக்காரன் ஆட்சி உள்ள வர்ற இடமெல்லாம் கொஞ்சம் அவசரமா முடிஞ்ச மாதிரி இருக்கும். தொடர்ச்சியா அவர் எழுதுன கோபல்லபுரத்து மக்களுக்குத்தான் 1991ல சாகித்ய அகாதமி கிடைச்சது, ஆனா என் ஓட்டு முதல் பாகத்துக்குத்தான்.

இப்போ ஜி.நாகராஜன். கடையில மூணையும் பக்கத்துல வச்சா இதுதான் ஒல்லி, அதனால நெறைய பேர் சரி சின்னதா இருக்கேன்னு இதை முதல்ல எடுத்துடுறாங்க. பக்கம் கம்மி, பாரம் அதிகம். கந்தன்னு ஒருத்தனோட ஒரே ஒரு நாள், காலையில கண்ணு முழிச்சதுல இருந்து ராத்திரி வரைக்கும். சாராயம், தரகு வேலை, போலீஸ் பயம், பாலியல் தொழில் பண்ற மனைவி மீனா. இதுல எந்த இடத்துலயும் எழுத்தாளர் உள்ள வந்து பாவம் பாருங்கன்னு சொல்ல மாட்டாரு, தப்புன்னும் சொல்ல மாட்டாரு. அதுதான் கஷ்டம். சினிமால இந்த மாதிரி கேரக்டர் வந்தா பின்னாடி ஒரு வயலின் அழும், நமக்கும் எப்படி ஃபீல் பண்ணணும்னு தெரிஞ்சிடும், இங்க அந்த உதவி கிடையாது. ஆளு கணக்கு வாத்தியாரா இருந்தவரு, வாக்கியமும் அப்படித்தான் இருக்கும், கூட்டல் கழித்தல் மாதிரி சுத்தமா, கண்ணீருக்கு இடமே இல்லாம. மீனாவை இன்னொரு இடத்துல பத்திரமா சேத்துடணும்னு கந்தன் யோசிக்கிறது அன்பா வியாபாரமான்னு எனக்கு இன்னும் முடிவு பண்ண முடியல.

மொழியை வச்சு மட்டும் பாத்தா மூணுல கச்சிதம் ஜி.என்.தான், ஒரு வார்த்தை எடுக்க முடியாது. ஆனா முதல் புக்கா இதைக் குடுத்தா ரெண்டுல ஒண்ணு நடக்கும், ஒண்ணு இலக்கியம்னாலே இப்படித்தான் அழுக்கா இருக்கும்னு ஓடிடுவாங்க, இல்ல கந்தனை ஒரு கெத்தான ஹீரோவா எடுத்துக்குவாங்க. ரெண்டாவது இன்னும் மோசம்.

லிஸ்ட்ல இருக்குற மத்ததையும் சுருக்கமா சொல்லிடுறேன். பிரெஞ்சு எழுத்தாளர் ஆல்பெர் காம்யுவோட கொள்ளை நோய், 1947ல வந்தது, அல்ஜீரியாவுல ஓரான் நகரத்தை பிளேக் வந்து பூட்டுற கதை. கொரோனா வருஷத்துல அதைச் சொன்னது சரியான டைமிங், வீட்டுக்குள்ள பூட்டுன ஆளுங்களை டிவியில வீட்டுக்குள்ள பூட்டி இருந்த ஆளுங்க பாத்துக்கிட்டு இருந்தாங்க, அவங்ககிட்ட இந்த புக்கு. இதை கோபல்லத்துக்கு அடுத்து வைக்கலாம், தாராளமா. உருது எழுத்தாளர் மண்ட்டோவோட அவமானம் சிறுகதைத் தொகுப்புங்கிறதால ஒரு கதை படிச்சிட்டு ஒரு வாரம் விடலாம், சில கதைக்கு அந்த ஒரு வாரம் தேவைப்படும். தொ.பரமசிவனோட அழகர் கோயில் அடிப்படையில ஒரு முனைவர் பட்ட ஆய்வு, ஒரு கோயிலைச் சுத்தி எந்தெந்த சாதி மக்கள் என்னென்ன உறவுல இருக்காங்கன்னு தோண்டித் தோண்டி எழுதுனது, தங்கமான புக்கு, ஆனா நாவல் மாதிரி ஓடும்னு நெனச்சு வாங்காதீங்க. தொ.ப.வை அறிமுகம் பண்ணிக்கணும்னா அவரோட பண்பாட்டு அசைவுகள் சின்னச் சின்ன கட்டுரையா இருக்கும், அது முடிச்சிட்டு கோயிலுக்குள்ள போகலாம்.

ஆக என் வரிசை இது. தமிழ் நாவலே படிச்சதில்லன்னா கோபல்ல கிராமம், அதுல சந்தேகமே இல்ல. ஏற்கனவே நாலஞ்சு நாவல் படிச்சு, கதைன்னா கடைசில ஒரு நியாயம் இருக்கணும்ங்கிற எதிர்பார்ப்பு போயிடுச்சுன்னா ஜி.என். வாழ்க்கையில ஒண்ணே ஒண்ணுதான் படிக்க நேரம் இருக்குன்னு யாராவது கழுத்துல கத்தி வச்சா தோணிதான், மூணுல பெரிய புக்கு அதுதான்னு எனக்கு உறுதியா தோணுது, ஆனா கத்தி இல்லாதப்போ அதை மூணாவதா வைங்க.

தோணியில ஏறி ஏற்கனவே பாதியில இறங்கிட்டவங்களுக்கு ஒரு குறுக்கு வழி இருக்கு. சிங்காரத்தோட இன்னொரு நாவல், கடலுக்கு அப்பால். அதே போர், அதே கடைத்தெரு ஆளுங்க, ஆனா கதை நேர்கோடு, செல்லையாவும் மரகதமும் சேருவாங்களா, அவளோட அப்பா வயிரமுத்துப் பிள்ளை விடுவாராங்கிறதுதான் மேட்டர். அளவும் சின்னது. கடைக்குள்ள யாரு யாருக்கு மேல, நேதாஜியோட இந்திய தேசிய ராணுவமான ஐ.என்.ஏ.வுல இருந்துட்டு வந்தவனை முதலாளி எப்படிப் பாப்பாருன்னு எல்லாம் அதுல பழகிடும். ரெண்டையும் சேத்து ஒரே தொகுப்பா போட்ட பதிப்பும் இருக்கு, அது கிடைச்சா கடலுக்கு அப்பால் எந்தப் பக்கத்துல ஆரம்பிக்குதுன்னு பாத்து முதல்ல அங்க போயிடுங்க.