'ஐடியா பதிவுச் சான்றிதழ்' என்று சொல்லிப் பணம் கேட்டால் கட்டாதீர்கள்

மருந்தை மூடிக்குள்ளேயே அளந்து ஊற்றும் பாட்டில் ஒன்றை வடிவமைத்தவரின் கோப்பு பார்வைக்கு வந்தது. கண்டுபிடிப்பைப் பதிந்து தருவதாகச் சொல்லி அவரிடம் பெருந்தொகை வாங்கிய நிறுவனம் கொடுத்தது தங்க முத்திரையிட்ட 'ஐடியா பதிவுச் சான்றிதழ்', வண்ணப் படங்களோடு ஒரு சந்தை அறிக்கை, ஒரு ரசீது எண். காப்புரிமைக்கு விண்ணப்பித்தாகிவிட்டது என்றே அவர் நம்பியிருந்தார். ரசீதைப் படித்தால், அது வடிவமைப்புப் பதிவு.

வடிவமைப்புப் பதிவு வெளித்தோற்றத்தை மட்டும்தான் காக்கும். இவருடைய கண்டுபிடிப்போ மூடிக்குள் இருக்கும் வால்வு. அதே வால்வை வேறு உருவ மூடியில் வைத்து எவர் விற்றாலும் தடுக்க வழியில்லை. கையிலிருக்கும் சான்றிதழுக்குச் சட்ட மதிப்பு கிடையாது. வெறும் யோசனைக்குப் பதிப்புரிமையும் வராது. அறிவுசார் சொத்துரிமை பற்றிய சர்வதேச ஒப்பந்தமான டிரிப்ஸின் 9ஆவது பிரிவே அப்படிச் சொல்கிறது. யோசனையை எழுதி உறையில் போட்டு உங்களுக்கே தபாலில் அனுப்பிக்கொள்வதும் வீண்.

இன்னொரு ஏமாற்று இதைவிட மோசம், ஏனென்றால் அங்கே விண்ணப்பம் உண்மையானது. அரைப் பக்கத்தில் தற்காலிக விண்ணப்பம் (முழுக் காப்புரிமை விண்ணப்பத்துக்கு முன் போடுவது) போட்டு, "12 மாதத்துக்குக் கவலையில்லை" என்பார்கள். அதில் 'அளந்து ஊற்றும் மூடி' என்று மட்டும் எழுதியிருந்தால், வால்வின் அமைப்புக்கு அந்த முன்னுரிமைத் தேதி, அதாவது புதுமையைக் கணக்கிடும் நாள், கிடைக்காது. முழு விண்ணப்பத்தில் வால்வைச் சேர்க்கும் நாள்தான் அதற்குக் கணக்கு. இடையில் அதே நிறுவனம் படத்தைத் தன் தளத்தில் விளம்பரமாகப் போட்டிருந்தால், காப்புரிமைக்கு வேண்டிய புதுமையே போய்விடும். அமெரிக்காவில் கண்டுபிடித்தவர் வெளியிட்டதற்கு ஓராண்டுச் சலுகை உண்டு; ஐரோப்பாவில் அப்படிப் பொதுவான சலுகை இல்லை.

பணம் கட்டும் முன்பே விண்ணப்ப வகை, விண்ணப்பதாரர் பெயர், உரிமைக்கோரல்களை (எதற்குக் காப்பு கேட்கிறோம் என்ற பகுதியை) எழுதப்போகும் காப்புரிமை முகவரின் பதிவு எண் மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். விண்ணப்பதாரர் இடத்தில் நிறுவனத்தின் பெயர் இருந்தால் கையெழுத்துப் போடவே கூடாது. கட்டிய கட்டணத்தைவிட அதிகமாகச் சம்பாதித்த வாடிக்கையாளர்கள் எத்தனை பேர் என்றும் கேளுங்கள். அமெரிக்காவில் 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி இப்படிப்பட்ட நிறுவனங்கள் ஒப்பந்தத்துக்கு முன்பே இதை எழுதித் தர வேண்டும். மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஏற்கெனவே ஏமாந்திருந்தாலும் எல்லாம் முடிந்துவிடவில்லை. அந்த வடிவமைப்புப் படங்களில் வால்வு தெரியவில்லை, பாட்டில் விற்பனைக்கும் வரவில்லை என்றால் வால்வுக்கு இப்போதும் காப்புரிமை கேட்கலாம். அதுவரை யாரிடமும் மாதிரியைக் காட்ட வேண்டாம். காட்டியே ஆகவேண்டுமென்றால் ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிய பிறகு காட்டுங்கள்.